பெரட்டு நடை

அன்றைக்குப் பாறைமட்டத் தோட்டத்தில் திடீரென்று எல்லாருக்கும் கால் நோவு வந்துவிட்டது.

முதல்நாள் மாலை, கொழுந்து மடுவத்தில் நிறுவை முடிந்து ஆட்கள் கலையும்போது, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் ஒரு செய்தி சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்களின் நடையை அளந்து பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். காலில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டி நடக்க விடுவார்களாம். கால் கெட்டிருக்கிறது என்று பெட்டி சொன்னால் ஒரு கடிதம் தருவார்களாம். அதைக் காட்டினால் நுவரெலியாவில் மூட்டு டாக்டரைப் பார்க்கலாம், தோட்டத்தில் இலேசான வேலையும் கேட்கலாம். அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாள் காலை, தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவின் முன்னால் முப்பத்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். முப்பத்தைந்து பேர் நொண்டினார்கள்.

நொண்டாமல் நின்றவள் பெற்றீசியா. வரிசையின் கடைசியில், இரண்டு காலையும் சேர்த்து வைத்து, விறைப்பாக நின்றாள். ஐம்பத்து மூன்று வயது. முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். இடது முழங்கால் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே அவளைக் கைவிட்டுவிட்டது. அந்த வரிசையில் இருந்த மற்ற எழுபது கால்களின் நோவையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு முழங்காலின் நோவுக்கு ஈடாகாது. ஆனால் அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவளுடைய உயிரில் பாதி போய்க்கொண்டிருந்தது.

காரணம் ராசம்மா. அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவள். ஒரு காலத்தில் தோட்டத்திலேயே அதிகக் கொழுந்து எடுத்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் தினமும் விடிந்ததும் பெரட்டு உண்டு. எல்லாரும் களத்தில் வந்து நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார்கள். ராசம்மா நொண்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்தாள். "நோவுன்னா வீட்டுக்குப் போ" என்றார் வேலை பிரித்துவிடும் அதிகாரியான கண்டாக்கு. போனாள். மறுநாளும் நொண்டிக்கொண்டு வந்தாள். மறுநாளும் அதே பேச்சு. இப்படி ஒரு மாதம் போனபிறகு ராசம்மாவின் பேரைக் கூப்பிடுவதே நின்றுவிட்டது. அவள் மகளோடு வலப்பனைப் பக்கம் போய்விட்டாள். தோட்டம் கொடுத்து அவள் இருந்த காம்பரா வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

பெற்றீசியாவின் வீட்டில் தோட்டத்துப் பதிவில் பேர் உள்ளவள் அவள் மட்டும்தான். புருஷன் சூசைரட்ணம் ஓய்வு பெற்றுவிட்டான். மகள் அனுஷ்கா கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தன் பேரும் போனால் காம்பராவும் போய்விடும் என்ற பயம் பெற்றீசியாவுக்கு. ராசம்மா தோட்டத்தை விட்டுப் போன அந்த வாரத்திலிருந்தே அவள் நொண்டுவதை நிறுத்திவிட்டாள். கால் நோவு நிற்கவில்லை, நொண்டுவதுதான் நின்றது.

பெரட்டுக்களத்தில் மட்டும் ஒழுங்காக நடந்தால் போதாது. லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், எல்லாருக்கும் ஒரே வாசல். பக்கத்துக் காம்பரா லோஜினியின் கண்ணில் ஒன்று பட்டால் அது குழாயடிக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் போதும். ஆகவே தண்ணீர் எடுக்கப் போகும்போதும் ஒழுங்கு நடை, கோயிலுக்குப் போகும்போதும் ஒழுங்கு நடை. மலையிலிருந்து இறங்கும்போது எல்லாரையும் முன்னால் போகவிட்டு, இடுப்பில் சுற்றும் படங்குத் துணியை உதறிக் கட்டுகிற சாக்கில் பின்தங்கி, கடைசியில் இறங்குவாள். வீட்டுக்குள் வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். "வந்ததும் வராததுமா குந்திர்றியே" என்று சூசைரட்ணம் கேட்டால் களைப்பு என்பாள். அது பொய்யும் இல்லை. அவளுக்குக் களைப்பாகத்தான் இருந்தது. காலையில் கண் விழிக்கும்போதே களைப்பாக இருந்தது.

தோட்டத்தில் அவளுக்கு வேண்டிய இடம் ஒன்று இருந்தது. தவறணை. தேயிலைக் கன்று வளர்க்கும் அந்த நிலம் ஓடைக்கரையில், கைவிரித்தாற்போல் மட்டமாகக் கிடக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து பைகளில் மண் நிரப்புவார்கள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, தலையில் சுமை இல்லை. இந்தக் கடிதம் கிடைத்தால் தவறணைக்குப் போகலாம். கடிதம் கையில் இருந்தால் ராசம்மாவைத் துரத்தியதுபோல் தன்னைத் துரத்த முடியாது என்று அவள் நம்பினாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் வந்து வரிசையில் நின்றாள்.

உள்ளே தொட்டில்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு சிவப்பு டேப். கதிரைக்குப் பக்கத்தில் யசோதினி மண்டியிட்டிருந்தாள். உடற்பயிற்சிச் சிகிச்சை படித்த யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மூன்று நாளாகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களின் கால்களில் பெட்டி கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்கே முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது.

"கதிரையில இருந்து எழும்பி, அந்தச் சிவப்புக் கோடு மட்டும் நடந்து, திரும்பி வந்து இருக்கோணும். அவசரப்படத் தேவையில்லை. வழமையா நடக்கிற மாதிரி நடவுங்கோ" என்று முப்பத்தாறாவது தடவையும் சலிக்காமல் சொல்லும் பயிற்சி அவளுக்கு இருந்தது.

பெட்டி என்றால் நெருப்புப்பெட்டி அளவுதான். கணுக்காலுக்கு மேலே ஒன்று, இன்னொரு காலில் ஒன்று, இடுப்பின் பின்னால் ஒன்று. ஒட்டுப்பட்டி வைத்த நாடாவால் இறுக்கிக் கட்டுவாள். கால் முன்னுக்கு வீசுவதையும் தரையில் ஊன்றுவதையும் அது கணக்கெடுத்து அவளுடைய டெப்லட்டுக்கு அனுப்பும். திரையில் இடது காலுக்கு நீலக்கோடு, வலது காலுக்குச் சிவப்புக்கோடு ஓடும்.

"இதக் கட்டினா அட்டை ஏறாதுங்களா மிஸ்?" என்றாள் ஒருத்தி. சோப்பும் உப்பும் பூசியும் அட்டைகள் கடித்துக் கடித்துத் தழும்பேறிய கால் அது. யசோதினிக்கு அட்டை என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசியது. சிரித்துச் சமாளித்தாள்.

லோஜினியின் முறை வந்தபோது பிள்ளைக்காம்பரா ஒரு கூத்தே பார்த்தது. கதிரையிலிருந்து எழும்பும்போதே "மாதாவே" என்று ஒரு சத்தம். சிவப்புக் கோடு வரைக்கும் வலது காலை இழுத்து இழுத்துப் போனாள். கோட்டில் திரும்பினாள். திரும்பி வரும்போது இடது காலை இழுத்தாள். வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யசோதினி திரையைப் பார்த்தாள், லோஜினியைப் பார்த்தாள்.

"அம்மா, போகேக்க ஒரு கால், வரேக்க மற்றக் காலோ?"

"நோவு மாறி மாறி வருது மிஸ்" என்றாள் லோஜினி, முகத்தில் கொஞ்சங்கூட மாற்றமில்லாமல்.

பொய்யாய் நொண்டுகிறவர்களைப் பெட்டி எளிதாகப் பிடித்துக்கொடுத்தது. உண்மை நோவு ஒவ்வொரு அடியிலும் ஒரே அளவில் இழுக்கும். பொய் நோவுக்கு அந்த ஒழுங்கு கிடையாது; ஓரடி நீளம், ஓரடி குட்டை, நடுவில் ஓரடி மறதி. மத்தியானத்துக்குள் நான்கு பேருக்கு மட்டும்தான் கடிதம் எழுதப்பட்டிருந்தது. மற்றவர்கள் நொண்டாமல் வெளியே போனார்கள்.

கடைசியாகப் பெற்றீசியா உள்ளே வந்தாள். அவள் கதிரையில் உட்கார்ந்து, பெட்டிகளைக் கட்டி முடிந்த நேரம் பார்த்துக் கண்டாக்கு யோகேஸ்வரன் கதவில் வந்து நின்றார். தொப்பியும் அரைக் காற்சட்டையும் நீளக் காலுறையும். பிள்ளைக்காம்பராவின் திறப்பு அவரிடம்தான் இருந்தது; எப்போது முடியும், எப்போது பூட்டலாம் என்று பார்க்க வந்திருந்தார்.

"என்ன பெற்றீசியா, உனக்குமா கால் நோவு?"

"இல்லைங்கையா. எல்லாரையும் வரச் சொன்னாங்க, வந்தேன்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் காலைப் பார்த்தாள். நொண்டு என்று மனதுக்குள் அதட்டினாள். இன்றைக்கு ஒருநாள் நொண்டு. நோவுகிறபடி நட, அது போதும்.

எழும்பினாள். நடந்தாள். கண்டாக்கின் கண் முதுகில் பட்டதுமே கால்கள் இரண்டும் பெரட்டுக்களத்தில் நடக்கிறதுபோல நடந்தன. சிவப்புக் கோட்டில் அழகாகத் திரும்பி, வந்து உட்கார்ந்தாள். முழங்காலுக்குள் யாரோ ஆணியைச் செருகித் திருகினார்கள். முகம் அசைந்து கொடுக்கவில்லை.

"பன்னிரண்டு செக்கன்" என்றாள் யசோதினி. "நல்லா நடக்கிறீங்கள் அம்மா."

கண்டாக்கு தலையாட்டிவிட்டுப் போனார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும் மட்டும் பெற்றீசியா கதவையே பார்த்திருந்தாள். பிறகு மெல்லிய குரலில், "மிஸ், இன்னொருக்கா நடந்து காட்டட்டுங்களா?" என்றாள்.

"ஏன்?"

"சரியா நடக்கல."

யசோதினிக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு லோஜினி என்று நினைத்திருப்பாள். இருந்தாலும் தலையாட்டினாள். பெற்றீசியா மறுபடியும் எழும்பினாள். இப்போது பார்க்க வேறு ஒருவரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. நோவுக்கு இடங்கொடுத்து நடக்கத்தான் பார்த்தாள். எந்தக் காலை முதலில் வைப்பது, இடுப்பை எங்கே சாய்ப்பது, ஒன்றும் நினைவு வரவில்லை. நொண்டியாக நடப்பது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. போய்த் திரும்பினாள். பன்னிரண்டு செக்கன்.

திரையில் நீலமும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாக ஓடியிருந்தன. யசோதினி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். இந்த மூன்று நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை நடக்கவிட்டிருக்கிறாள். இளம்பெண்களுக்குக்கூட இரண்டு காலும் இவ்வளவு ஒத்துப்போகவில்லை. யாருக்கும் ஒரு கால் கொஞ்சம் முந்தும், ஒரு கால் கொஞ்சம் பிந்தும்.

"உங்களுக்குக் கடிதம் தர ஏலாதம்மா. நேரமும் கூடுதலா எடுக்கேல்லை, ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கு."

"ரெண்டையும் ஒரே மாதிரி நானாத்தான் வச்சேன் மிஸ்" என்றாள் பெற்றீசியா.

பெட்டியை அவிழ்க்கப் போன யசோதினியின் கை நின்றது.

"கெட்ட காலை நல்ல கால் மாதிரி நடக்க வைக்க முடியுமா? முடியாதுல்ல. அதனால நல்ல காலைக் கெட்ட கால் மாதிரி நடக்க வச்சேன். அது எவ்வளவு மெதுவாப் போகுதோ இதையும் அவ்வளவு மெதுவா. அது எவ்வளவு கம்மியா மடங்குதோ இதுவும் அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா இருந்தா நொண்டின்னு யாருக்குத் தெரியும்? மெதுவாப் போறா, வயசாயிருச்சின்னு விட்டுருவாங்க."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

யசோதினி அவளுடைய பாவாடையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கச் சொன்னாள். இடது முழங்கால் வீங்கி, உருமாறி, தொட்டால் சுட்டது. அவள் எதிர்பார்த்தது அது. வலது முழங்காலையும் தொட்டாள். அதுவும் வீங்கியிருந்தது.

"இதுவும் நோகுதோ?"

"இப்பக் கொஞ்ச நாளா. ராத்திரியில."

"நல்லா இருந்த காலையும் கெடுத்துப் போட்டீங்களேயம்மா" என்றாள் யசோதினி. கோபமாகச் சொல்ல நினைத்தது, சொல்லும்போது கோபமாக வரவில்லை.

கீழே றோட்டிலிருந்து வேன் ஹோர்ன் அடித்தது. சாரதி அங்கிருந்தே "மிஸ், பரக்குயி!" என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். நேரமாகிவிட்டதுதான். மூன்று மணிக்குமேல் அந்தப் பாதையில் மூடுபனி இறங்கிவிடும்.

"எப்ப கூடுதலா நோகும்? நடக்கேக்கயோ?"

"மட்டத்துல நடந்தா சமாளிச்சிருவேன் மிஸ். எங்களுக்கு மட்டத்துல என்ன வேலை? எறங்கயிலதான். தலையில கொழுந்தோட எறங்கயில உசிரு போயிரும்."

படிவத்தில் இறக்கம் இல்லை. கதிரை, மூன்று மீட்டர், திரும்பல், கதிரை, அவ்வளவுதான் படிவம். படிவத்தை எழுதியவர்கள் மலையில்லாத மட்ட நிலத்து ஊர்க்காரர்கள். யசோதினியும் மட்ட நிலத்துக்காரிதான். வேன் நிற்கும் இடத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு வர அவள் காலையில் ஏறிய குறுக்குப் பாதை நினைவுக்கு வந்தது. ஏறி முடிக்க நான்கு தடவை நின்று மூச்சு வாங்கியிருந்தாள்.

"பெட்டியைக் கழட்டாதேங்கோ" என்றாள். "அப்பிடியே என்னோட கீழ வாங்கோ."

சாமான்களை அடுக்கிய பெரிய பிளாஸ்டிக் பெட்டியை யசோதினி தூக்கப் போனாள். அதற்குள் பெற்றீசியா மூலையில் கிடந்த ஒரு சாக்கை மடித்துச் சும்மாடு வைத்து அதைத் தலையில் ஏற்றிவிட்டாள். மற்றவர் கையில் சுமையைக் கண்டால் தன் தலைக்கு மாற்றிக்கொள்வது முப்பத்தொரு வருடப் பழக்கம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த யசோதினி, ஒரு கணம் யோசித்து, சொல்லாமல் விட்டாள். அதற்காக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தேயிலைக்கு நடுவே கல் பதித்த ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்கியது. யசோதினி டெப்லட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். முதல் நாலைந்து படி பெற்றீசியா ஒழுங்காகத்தான் இறங்கினாள். பிறகு சுமையும் சரிவும் சேர்ந்து அவளை வென்றன. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். இடது காலை மட்டும் கீழே இறக்கி, அது தாங்குமா என்று ஒரு நொடி பார்த்து, பல்லைக் கடித்து வலது காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு படிக்கு இரண்டு அடி. கையால் தேயிலைக் கிளையைப் பற்றினாள். மூச்சு சத்தமாக வந்தது. திரையில் அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கோடும் பிரிந்தன. சிவப்பு ஓங்கி ஓங்கி எழும்பியது. நீலம் தரையோடு தரையாக ஊர்ந்தது.

கீழே றோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் போக்கு மதகின் கட்டுச்சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெற்றீசியாவுக்கு வியர்த்துக் கொட்டியது. யசோதினி டெப்லட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கோ. இந்த நீலம் உங்கட இடது கால்."

பெற்றீசியா குனிந்து பார்த்தாள். யாரிடமும் காட்டாமல், பக்கத்தில் படுக்கிற புருஷனிடம்கூடக் காட்டாமல் வைத்திருந்தது அங்கே நீல நிறத்தில் கிடந்தது. உடுப்பில்லாமல் நிற்கிறபோது யாரோ பார்த்துவிட்ட மாதிரி முதலில் கூசியது. பிறகு, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை. இன்னொரு ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

"இதை எழுத எங்கட படிவத்தில இடமில்லை" என்றாள் யசோதினி. "கடிதத்தில எழுதலாம். நான் எழுதித் தாறன்."

மதகில் வைத்தே எழுதினாள். சரிவில் இறங்குவதும் சுமப்பதும் கூடாது, இருந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும், இரண்டு முழங்காலையும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

மறுநாள் பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போனபிறகு, பெற்றீசியா களத்துக்குப் பக்கத்தில் உள்ள கண்டாக்கின் அறைக்குப் போனாள். கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். என்னவெல்லாம் கேட்பார், என்னவெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள். நேற்று நோவில்லை என்று சொன்னாயே என்பார். நன்றாகத்தானே நடக்கிறாய் என்பார். நடந்து காட்டு என்பார்.

யோகேஸ்வரன் கடித உறையைப் பிரிக்கவுமில்லை.

"இடது கால்தானே?" என்றார்.

பெற்றீசியா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு எப்படி..."

"ரெண்டு வருஷமாப் பாக்குறேன்ல. வலது காலையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தானே பெரட்டுக்கு வந்து நிப்பே. இருபத்தஞ்சு வருஷமா மலையில ஆளுங்க நடக்கிறதப் பாக்குறவனுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏங்கையா ஒண்ணும் சொல்லல?"

"நான் என்னத்தச் சொல்ல?" உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "நீ கேக்கல. கொழுந்தும் கொறையாமக் கொண்டு வந்தே. தவறணைக்கு ஆள் போதாம நானே ரெண்டு தரம் தேடினேன். கேட்டிருந்தா அப்பவே போட்டிருப்பேன்."

"ராசம்மாவ வீட்டுக்கு அனுப்பினீங்களே ஐயா."

"அவளும் கேக்கலையே. நொண்டிக்கிட்டு வந்து நின்னா. நோவுன்னா வீட்டுக்குப் போன்னு சொன்னேன். வேற வேலை குடுங்கன்னு அவ வாயத் தொறந்து கேட்டாளா?"

"கேக்கலாம்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே ஐயா."

"இதெல்லாமா ஒருத்தர் சொல்லித் தரணும்?" என்றார் யோகேஸ்வரன். கெட்ட மனிதர் இல்லை அவர். மழை வரும்போல் இருக்கிறது என்கிற குரலில்தான் இதையும் சொன்னார். உறையைப் பிரித்து, கடிதத்தின் மூலையில் ஒரு கையெழுத்துப் போட்டு, அதைக் கோப்பில் குத்தினார். "இன்னைக்கே போ. மண்ணு நெரப்ப ஆளில்லாம கெடக்கு."

அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்து சுவரோரமாக நின்றாள். எழுநூறு காலை இருக்குமா, எழுநூறு மாலை இருக்குமா, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது? கண்டாக்கு அதையெல்லாம் பார்த்துக்கொண்டே பேர் கூப்பிட்டிருக்கிறார். ஒளித்து ஒளித்து வைத்ததற்காக வலது காலையும் பறிகொடுத்திருக்கிறாள். ஒரு வாய்ச்சொல் கேட்டிருந்தால் போதுமாம். அவர்மேல் கோபம் வந்தது, தன்மேல் கோபம் வந்தது. ஒருவரும் சொல்லித்தராத ஒன்றை அறியாததற்காக ராசம்மாவும் தானும் இப்படி அழிந்ததை நினைக்க அந்தக் கோபம் இன்னும் கூடியது. கொஞ்ச நேரத்தில் கோபப்படவும் தெம்பில்லாமல் போயிற்று.

தவறணைக்குப் போகக் களத்திலிருந்து படி இறங்க வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து படி இருக்கும். முதல் படியில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். இனி யாருக்காக மறைக்க வேண்டும்? தெரிய வேண்டியவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. நேற்று யசோதினியின் முன்னால் இறங்கிய மாதிரியே உடம்பைத் திருப்பி, வேலிக்கம்பியைப் பிடித்து, இடது காலை இறக்கினாள். வலது காலை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா என்று இருந்தது. பட்டப்பகலில், திறந்த வெளியில், நோவுகிறபடி நோவோடு இறங்குவது எவ்வளவு சுகம் என்று இரண்டு வருடத்துக்குப் பிறகு அறிந்தாள். பத்துப் படி அப்படி இறங்கியிருப்பாள்.

எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கூட்டம் அவளைக் கண்டுவிட்டது. லோஜினியின் குரல் பள்ளத்தைத் தாண்டி வந்தது.

"பெற்றீசியாக்கா! அதான் கடிதம் கெடைச்சிருச்சில்ல! இன்னும் எதுக்கு நொண்டுறீங்க? போதும்க்கா, நேரா நடங்க!"

மலை முழுக்கச் சிரிப்பு. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை. நாங்கள் இத்தனை பேர் நடித்துத் தோற்றதில் நீ ஒருத்தி ஜெயித்துவிட்டாயே என்று பாராட்டுகிற சிரிப்பு. யாரோ ஒருத்தி கையைத் தட்டினாள். இன்னொருத்தி கூடையோடு நொண்டிக் காட்டினாள்.

பெற்றீசியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இது நடிப்பில்லை, இதுவரை நடந்ததுதான் நடிப்பு என்று கத்த வாய் வந்தது. அவ்வளவு தூரத்துக்கு, அத்தனை பேருக்கு, அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வதென்று தெரியவில்லை. கண் நிறைந்து படிகள் மங்கலாகின. எதிர்மலையில் எல்லாரும் பறிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சொல்லாமலே முதுகு நிமிர்ந்தது. கை கம்பியை விட்டது. வலது கால் வேகத்தைக் குறைத்து இடது காலோடு சேர்ந்துகொண்டது. மிச்சப் படிகளை அவள் நேராக நடந்தே இறங்கினாள்.